அந்த மிஷினை அமத்து

2001 வாக்கில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையதுதான். அது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள யாரும் உள்ளே வந்து பார்க்க வேண்டியதில்லை. வாசல்படியில் நின்றாலே கேட்கும். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, சங்க நோட்டீஸ் என்று டிடிபி வேலை கொண்டுவருகிறவர்கள் அந்த இரைச்சலை நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள். "மிஷின் நல்ல பவரு போல" என்பார்கள். இரைகிற கம்ப்யூட்டர்தான் வேகமான கம்ப்யூட்டர் என்ற எண்ணம் அன்று ஊர்முழுக்க இருந்தது. அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. வேகம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் காற்று வேண்டும், காற்றை அடிக்க அன்று நமக்குத் தெரிந்த ஒரே வழி சின்ன ஃபேனை வெறித்தனமாகச் சுற்றவிடுவது.

எங்களுடையது ஆத்லான் பிராசஸர் போட்ட அசெம்பிள் செட். சாமான் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. பூட்டிக் கொடுத்தவர் மதுரையில் மாசி வீதிப் பக்கம் கடை வைத்திருந்த ஓர் அண்ணன். பிராசஸரின் தலையில் ஹீட்சிங் என்கிற ஓர் அலுமினியக் கட்டி, அதன் மேல் 60 மில்லிமீட்டர் ஃபேன். நிமிடத்துக்கு 4800 சுற்று, அதாவது வினாடிக்கு 80. ஏழு இறக்கை. ஒவ்வொரு வினாடியும் காற்று 560 தடவை வெட்டுப்படும். 560 ஹெர்ட்ஸ் என்பது நாம் பேசுகிற குரலின் எல்லைக்குள் விழுகிற சுருதி. பக்கத்தில் யாரோ பேசுகிறார்களோ என்று கவனித்துக்கொண்டே இருக்கப் பழகிய காது, அந்தச் சுருதியை ஒதுக்கித் தள்ளாது.

எங்கள் வீட்டில் ஹால் என்பதும் படுக்கையறை என்பதும் ஒரே இடம். சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் வெறுஞ்சுவர், மூலையில் இரும்பு பீரோ. ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லாத அறை. நான் வேலை பார்ப்பது ராத்திரியில்தான். அப்பா ஆயுசில் பாதியை மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் கழித்தவர். "இதெல்லாம் ஒரு சத்தமா" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். கம்ப்யூட்டரின் கீச்சொலியில் பாதி அவருக்குக் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு எல்லாமே கேட்டது. பதினோரு மணியானால் இருட்டிலிருந்து குரல் வரும்: "ஏய், அந்த மிஷினை அமத்துடி. மண்டைக்குள்ளயே சுத்துது."

அதை மெதுவாகச் சுற்றவைக்க முடியாதா என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். "வேண்டாம்மா, பிராசஸர் வெந்துரும்" என்றார். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அன்றைய ஆத்லான்களுக்குத் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. 2001இல் ஜெர்மனியிலிருந்து ஒரு சோதனைப் படம் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டது: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. ஆத்லான் சில வினாடிகளில் புகைந்து கருகியது. அந்தக் காலத்தில் ஃபேன் நின்றால் பிராசஸர் போயிற்று. மே மாதத்து மதுரையில், அறையே 36 டிகிரி கொதிக்கையில், எவர்தான் துணிந்து ஃபேனைக் குறைக்கச் சொல்வார்?

அதனால் பிராசஸர் ஃபேனைத் தொடாமல் மற்றதையெல்லாம் தொட்டேன். முதலில் கம்ப்யூட்டர் மேசை. அன்றைய மேசைகளில் சிபியூவை வைக்க என்றே கதவு போட்ட ஒரு மரப் பொந்து இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அழகாக இருக்கும், அதோடு சரி. பின்னால் வெளியேறும் சூடான காற்று போக வழியில்லாமல் சுற்றி முன்பக்கமே வந்து உள்ளே போகும். சிபியூவை அந்தப் பொந்திலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பழைய கோணிச்சாக்கை நாலாக மடித்து அதன் மேல் வைத்தேன். தரை அதிர்வது நின்றது, பீரோவின் கைப்பிடி கிணுகிணுப்பதும் நின்றது.

அடுத்து எண்ணெய். மலிவான ஃபேன்கள் எல்லாம் ஸ்லீவ் பேரிங் வகை. ஒரு வருஷம் ஓடினால் உள்ளே காய்ந்துபோய் கரகரக்க ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் பாதி உரித்தால் கீழே சின்ன ரப்பர் மூடி. அதை ஊசி முனையால் நெம்பினால் பித்தளை நிறத்தில் புஷ், அதற்கு நடுவே தண்டின் முனை. பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து கறுத்து மெழுகாகக் கிடக்கும். பட்ஸால் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இறக்கையை விரலால் சுண்டிவிட்டால், முன்பு ஓரிரு சுற்றில் முரண்டு பிடித்து நின்றது, இப்போது நிதானமாகச் சுற்றி அடங்கும். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது, எண்ணெய் கசிந்து இறக்கையில் தூசியைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, மார்கழியில் உறைந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் தனிக் கதை. நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது 120 ஹெர்ட்ஸில் ஓர் அடித்தொண்டை ரீங்காரம். டிஸ்க்கை விடக் கேபினெட்டின் தகரம்தான் அதைப் பெரிதாக்கியது, ஏனென்றால் நாலு ஸ்க்ரூ போட்டு இரண்டையும் ஒன்றாக இறுக்கியிருந்தார்கள். சிடி டிரைவுக்கான காலி இடத்தில், ஜாக்கெட் துணிக்கடையில் வாங்கிய எலாஸ்டிக்கைக் குறுக்கே கட்டி, டிஸ்க்கைத் தொங்கவிட்டேன். அந்த ரீங்காரம் அன்றோடு போனது. டிஸ்க் கொஞ்சம் சூடாக ஓடும், பெட்டியை நகர்த்தும்போது கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விலை.

பின்பக்கக் கேபினெட் ஃபேனுக்கு 7 வோல்ட் வித்தை. எஸ்எம்பிஎஸ் வயர்களில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூஜ்யம். ஃபேனை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே கொடுத்தால் முழு 12 வோல்ட்டில் இரையும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே கொடுத்தால் வித்தியாசம் 7தான். பாதி வேகத்துக்குச் சற்று மேலே, முணுமுணுப்போடு ஓடும். அந்த அண்ணன்தான் இதைச் செய்துகாட்டினார். பிராசஸரைப் பற்றிப் பயந்த அதே மனுஷர் கேபினெட் ஃபேனில் கை துணிந்தவர்.

அடுத்த சில வருஷங்கள் உலகம் முழுக்கவே இரைச்சல் உச்சத்துக்குப் போன காலம். 2003இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற கிராபிக்ஸ் கார்டு வந்தது. அதன் ஊதுகுழல் ஃபேனைத் தாங்க முடியாமல் ஊரே புலம்பியதில், கடைசியில் அந்தக் கம்பெனியே, இலை வாருகிற புளோயரைக் கார்டில் கட்டியது போலத் தன்னைத்தானே கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தது. 2004இல் இன்டெலின் பிரெஸ்காட் பெண்டியம் 4. அதன் மேல்தட்டு வகைகள் 115 வாட் சூட்டைக் கக்கின. அதற்கு அடுத்து வரவேண்டிய பிராசஸரை இன்டெல் அந்த வருஷமே கைவிட்டது, ஏனென்றால் அந்த வழியில் மேலே போக இடமில்லை. 2006இல் கோர் 2 டுவோ 65 வாட்டில் வந்தபோதுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டன.

எங்களூரில் வேறொன்றும் நடந்தது. 2012இல் மதுரைப் பக்கம் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சீலிங் ஃபேன் ஓடுகிற வரைக்கும் சிபியூவின் சத்தம் பாதி அதற்குள் மறைந்திருக்கும். கரண்ட் போகும், சீலிங் ஃபேன் மெல்லச் சுற்றி நிற்கும், பக்கத்து வீட்டு டிவி நிற்கும், தெருவே அடங்கும். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். அந்த நிமிஷங்களில்தான் அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது முழுசாகக் காதில் விழும். ஒரு பெட்டி எவ்வளவு இரைகிறது என்று அறிய விரும்பினால் மீட்டர் வாங்க வேண்டாம். ராத்திரியில் சீலிங் ஃபேனை அமத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது நான் டிடிபி செய்வது குறைவு. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களையும் டிஎன்பிஎஸ்சி தேர்வுப் பாடங்களையும் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். சத்தத்தோடு எனக்கு உண்மையான சண்டை தொடங்கியது இங்கேதான். மனிதக் காது ஃபேனின் இரைச்சலைக் கொஞ்ச நேரத்தில் ஓரம்கட்டிவிடும்; மைக் ஓரம்கட்டாது. என் ஆரம்பப் பதிவுகளைக் கேட்ட ஒரு மாணவி போனில் சொன்னாள்: "அக்கா, பின்னாடி எப்பவும் மழை பெஞ்சுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு." அவர்கள் இயர்போனில், ஒன்றரை மடங்கு இரண்டு மடங்கு வேகத்தில், மணிக்கணக்கில் கேட்கிறவர்கள். அந்த மழை அவர்களைக் களைப்படையச் செய்கிறது. கண்ணால் படிக்கிறவருக்குத் தாள் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லையா? இதுவும் அதே உரிமைதான்.

சாஃப்ட்வேரில் இரைச்சலை அழிக்கலாமே என்பார்கள். அழிக்கலாம். ஆனால் ஃபேனின் 'ஸ்ஸ்' ஒலியும் தமிழின் ச, ஸ, ஷ ஒலிகளும் அலைவரிசையில் அண்டை வீட்டுக்காரர்கள். ஒன்றைத் துடைக்கும்போது மற்றதும் தேய்ந்து, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். 'சட்டம்' என்று வாசித்தது 'தட்டம்' என்று கேட்டால் அரசியல் சாசனப் பாடத்தை என்ன செய்வது? அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நான் எங்கும் விற்கப் போவதில்லை, ஆனாலும் அதையே என் அளவாக வைத்துக்கொண்டேன். மதுரையில் சீலிங் ஃபேனை அமத்திவிட்டு வியர்க்க வியர்க்க வாசிக்கிறோம். அதற்குப் பிறகும் அறையில் மிச்சமிருக்கும் ஒரே சத்தம் கம்ப்யூட்டர் என்றால் அதை விட்டுவைக்கக் கூடாது.

இன்று என் மேசையில் இருப்பது ரைசன் 5 5600ஜி. 65 வாட் வகை. அன்றைய 1.2 கிகாஹெர்ட்ஸ் ஆத்லானும் உச்சத்தில் ஏறக்குறைய அதே 65 வாட்தான். சூடு அன்றும் இன்றும் ஒன்று; அது இரைந்தது, இது இரையவில்லை. மாறியிருப்பது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, உலோகமும் ஃபேனின் அகலமும். இன்றைய டவர் கூலரில் செம்புக் குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்குள் கொஞ்சம் நீர்மம், சூடான முனையில் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரும்பி வரும். சூட்டை அகலமான தகட்டு அடுக்குக்கு அது கொண்டுபோய்விடுவதால் 120 மில்லிமீட்டர் ஃபேன் சாவகாசமாக ஊதினால் போதும். நிமிடத்துக்கு 800 சுற்று, ஒன்பது இறக்கை என்றால் 120 ஹெர்ட்ஸ். காதுக்கு அவ்வளவாக உறைக்காத அடிச்சுருதி. ஃபேனுக்கு ஒரு கணக்கு உண்டு: வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பாதி வேகத்தில் இரண்டு ஃபேன் வைத்தால் பழைய அளவு காற்று கிடைக்கும். இரண்டாவது ஃபேனால் கூடுவது 3 டெசிபல்தான். 12 டெசிபல் லாபம். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஆகவே வேகமான ஒன்றை விட நிதானமான இரண்டு எப்போதும் மேல். ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி, தன் என்எஃப்-ஏ12எக்ஸ்25 ஃபேனில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி விட்டிருக்கிறது; காற்று பின்னுக்குக் கசிந்து வீணாகாமல் இருக்க. விலை கூடுதல். கையில் காசு இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேனையே 800 சுற்றில் ஓட்டினாலும் முக்கால்வாசிப் பலன் கிடைக்கும்.

இரண்டாவது மாற்றம், பயம் தேவையில்லை என்பது. இன்றைய பிராசஸர் ஃபேன் நின்றதற்காகக் கருகாது. இன்டெல் பலவற்றில் எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி. எல்லையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும். ஆனால் மதர்போர்டுகள் இன்னமும் பழைய பயத்தோடுதான் அமைக்கப்பட்டு வருகின்றன. பிராசஸர் 55 டிகிரி தாண்டியதும் ஃபேனை விரட்டத் தொடங்குகின்றன. ஒரு பிரவுசரைத் திறந்தால் ஓர் இரைச்சல், மூடினால் ஓர் அடக்கம். ஒரே சீரான சத்தத்தை விட ஏறி இறங்குகிற சத்தம்தான் மனிதரைப் பாடாய்ப்படுத்துவது.

பயாஸுக்குள் போய் ஃபேன் கர்வை மாற்றினேன். 65 டிகிரி வரை 40 சதவீதத்தில் அசையாமல் இரு. அங்கிருந்து 80 வரை மெல்ல ஏறு. எந்த மாற்றத்துக்கும் சில வினாடி பொறுத்திரு. காசு செலவில்லாத வேலை, கூலர் வாங்கியதை விட அதிகம் பலன் தந்த வேலையும் இதுதான். நாலு பின் கொண்ட ஃபேனாக இருந்தால் நல்லது. 2004 முதல் வருகிற அந்த வகையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது. மே மாதத்தில் என் பிராசஸர் 75 டிகிரியில் ஓடுகிறது. யாராவது பார்த்துவிட்டு "ஐயோ 75" என்கிறார்கள். அந்த ஐயோவில்தான் 2001 இன்னும் உயிரோடிருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பதறாதவருக்குத்தான் அமைதி கிடைக்கும் என்று யாரிடமும் வாதாட நான் தயார்.

மிச்சம் மைக்கின் திசை. ஒருபக்கம் மட்டும் கேட்கிற வகை மைக்கின் முதுகை சிபியூவுக்குக் காட்டி, துணி அலமாரியைத் திறந்துவைத்து, சேலைகளைப் பார்த்தபடி வாசிக்கிறேன். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும், அறையின் மறுமூலைக்கு அது போதும்.

இவ்வளவு தூரம் வந்த காலத்தில் தம்பி மகன் போன தீபாவளிக்கு வாங்கிய கேமிங் பெட்டியைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வண்ண விளக்கோடு மூன்று ஃபேன். காற்று உள்ளே போக ஓரத்தில் ஒரு விரல் அகலப் பிளவு. கதவு போட்ட மரப் பொந்திலிருந்து நாம் சிபியூவை வெளியே எடுத்தோம். இப்போது பொந்தையே கண்ணாடியில் செய்து பெட்டியோடு சேர்த்து விற்கிறார்கள். பணம் கூடக் கொடுத்து வாங்கிய பெட்டி, எங்கள் பழைய ஆத்லானைப் போல இரைகிறது. இதை அழகு என்று விற்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

"அத்தை, இது எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றான். முன்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். ஒரு விளையாட்டை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கிராபிக்ஸ் கார்டின் சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது, ஃபேன்கள் தாமாகவே தணிந்தன. கண்ணாடி இருந்த இடத்தில் கொசுவலைத் துணியைச் சட்டம் போட்டுப் பொருத்தினோம். வாரம் ஒருமுறை உதறினால் தூசி உள்ளே போகாது. புளோயர் வைத்துச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தேன். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவதற்குத்தான் ரொம்ப யோசித்தான். ஃப்ரேம் குறையும் என்றான். குறைந்தது, ஐந்தாறு. விளையாட்டில் அவனால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவனே சொன்னான். விளக்குகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றான். விளக்கு சத்தம் போடாது, இருக்கட்டும்.

அவன் நண்பன் ஒருவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேன் கரகரக்கிறதாம். அதை மட்டும் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும். வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளட்டும், இல்லையென்றால் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த புதியதாகப் பார்த்து வாங்கட்டும்.